தண்ணீரைக் குடித்துத் தண்ணீரைத் தள்ளும் படலம்



பினாங்கில் ஒரு காருக்கு எத்தனை எதிரிகள் தெரியுமா? முதல் எதிரி வெயில். நம் தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை தள்ளித்தான் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். அடுத்தது மழை. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மூன்றாவது கடற்காற்றில் வரும் உப்பு. 1985-இல் திறந்த பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி கடலுக்கு மேலேதான் போகிறது. அதைக் கடந்து வீடு திரும்பும் கார், உப்பையும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டுதான் வருகிறது.

இவை போதாதென்று மரத்தடியிலும் ஆபத்து உண்டு. ஜோர்ஜ் டவுனின் பழைய சாலைகளில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். நிழலுக்காக அதன் அடியில் காரை நிறுத்தினால், சாறு குடிக்கும் பூச்சிகள் மேலிருந்து பிசுபிசுப்பான துளிகளைத் தூவுகின்றன. மைனாவும் காகமும் தங்கள் பங்குக்கு எச்சமிடுகின்றன. அந்த எச்சத்தின் வெள்ளைப் பகுதியில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் காய்ந்தால் அது பெயிண்டில் தழும்பு போட்டுவிடும்.

அதனால்தான் இப்போது பல வீடுகளில் 'செராமிக் கோட்டிங்' என்ற பேச்சு கேட்கிறது. கட்டைவிரல் உயரமுள்ள ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்குள் தண்ணீர் போன்ற ஒரு திரவம். 30 அல்லது 50 மில்லிலிட்டர்தான் இருக்கும், ஆனால் ஒரு கார் முழுவதற்கும் அது போதும். முன்பு பட்டறைக்குக் கொண்டுபோய்த்தான் போடுவார்கள். இப்போது அப்பாவோ அக்காவோ வீட்டு வாசலிலேயே போட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சின்னப் புட்டிக்குள் ஒரு பெரிய புதிர் இருக்கிறது. இந்தத் திரவம் கெட்டியாவதற்குத் தண்ணீர் வேண்டும். கெட்டியான பிறகோ, தண்ணீரைக் கிட்டவே சேர்ப்பதில்லை! அது எப்படி? வாருங்கள், அவிழ்த்துப் பார்ப்போம்.

காரின் தோலில் எத்தனை அடுக்கு?

காரின் நிறம் ஒரே பூச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் எஃகுத் தகடு. அதன்மேல் துருவைத் தடுக்கும் ஒரு பூச்சு. அதற்கு மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு. பிறகுதான் சிவப்போ நீலமோ வெள்ளையோ, நிறம் தரும் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பூச்சு. அதைக் கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பைத் தருவதும், சூரியனின் புறஊதாக் கதிரை முதலில் தாங்குவதும் அதுதான்.

இவ்வளவு அடுக்கும் சேர்ந்து எத்தனை தடிமன் இருக்கும்? இதை அளக்க மில்லிமீட்டர் உதவாது. ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுங்கள். அதற்கு மைக்ரோமீட்டர் என்று பெயர். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர் தடிமன். காரின் எல்லாப் பூச்சும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரோமீட்டர்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 மைக்ரோமீட்டர் அளவு.

அதன்மேல் நாம் போடும் செராமிக் படலமோ ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான்! தலைமுடியை நீளவாக்கில் 50 தாள்களாகச் சீவ முடியுமானால், அதில் ஒரு தாள் அளவு. இத்தனை மெல்லிய பொருள் மழையையும் எச்சத்தையும் எதிர்த்து நிற்கிறது என்றால், அதன் பலம் தடிமனில் இல்லை. அது எதனால் ஆனது, எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதில்தான் இருக்கிறது.

புட்டிக்குள் இருப்பது யார்?

சிலிக்கான்! பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் தனிமம் அது. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தால் சிலிக்கான் டை ஆக்சைடு. கடற்கரை மணலில் மின்னும் குவார்ட்ஸ் அதுதான். சன்னல் கண்ணாடியின் முக்கியப் பொருளும் அதுதான்.

புட்டியில் இருப்பது சிலிக்கானைக் கொண்ட சிறிய மூலக்கூறுகள். விரைவில் ஆவியாகும் ஒரு கரைப்பானில் அவை மிதந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு சிலிக்கான் அணுவுக்கும் நான்கு கைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். புட்டிக்குள் இருக்கும்போது அந்தக் கைகளில் சிலவற்றை வேறு அணுக்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் சிலிக்கான்கள் ஒன்றையொன்று பிடிக்க முடிவதில்லை, திரவமாகவே இருக்கின்றன.

மூடியைத் திறந்து காரின் மேல் தடவியதும், காற்றில் உள்ள ஈரம் அங்கே வந்து சேர்கிறது. நீர் மூலக்கூறு அந்தக் கைகளை விடுவிக்கிறது. விடுபட்ட இரண்டு கைகளுக்கு நடுவில் ஓர் ஆக்சிஜன் அணு வந்து பாலமாகிறது. சிலிக்கான், ஆக்சிஜன், சிலிக்கான், ஆக்சிஜன் என்று வலை பின்னிக்கொண்டே போகிறது. திரவம் கெட்டிப்படலமாகிறது. சில வகைத் திரவங்களில் கைகளைப் பிடித்திருப்பது நைட்ரஜன். அது விலகும்போது அம்மோனியாவாகப் பறந்துபோகும். அந்தக் காரமான வாசனையை வைத்தே வேதிவினை நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

சட்டியும் பானையும் செராமிக்தான். ஆனால் அவற்றுக்குச் சூளை வேண்டும். நம் படலத்துக்குச் சூளை வேண்டாம். காற்றின் ஈரமே போதும். அந்த ஈரத்துக்குப் பினாங்கில் பஞ்சமா என்ன? இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது.

சிலிக்கானுக்கும் நீருக்கும் உள்ள இதே உறவு நம் தீவின் இன்னொரு மூலையிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை தொடங்குவது வேறொரு நாட்டில். 1955-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஃபிராஷ், லிங்கன் டெரிக் என்ற இருவர், சூடான உலையில் சிலிக்கான் தகடுகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தற்செயலாக உலைக்குள் நீராவி உண்டாகிவிட்டது. எடுத்துப் பார்த்தால், தகட்டின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம்! நீராவியின் ஆக்சிஜன் சிலிக்கானோடு சேர்ந்து உண்டாக்கிய சிலிக்கான் டை ஆக்சைடு அது. அந்தப் படலம் அடியில் உள்ள சிலிக்கானைப் பாதுகாத்தது. கணினிச் சில்லு செய்யும் வித்தைக்கு அது வழி திறந்தது.

1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கிய இடம் எது தெரியுமா? நம் பாயான் லெப்பாஸ்! உங்களில் பலருடைய அம்மாவோ அப்பாவோ மாமாவோ அந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்யலாம். அவர்கள் கையாளும் சில்லிலும், வாசலில் காருக்குத் தடவும் புட்டியிலும் இருப்பது ஒரே சிலிக்கான்தான்.

கண்ணாடி நனையுமே?

இங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் கையைத் தூக்குவார். "மாமா, கண்ணாடியும் சிலிக்கான் டை ஆக்சைடுதானே? சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் பரவி ஒட்டிக்கொள்கிறதே. அப்படியானால் இந்தப் படலம் மட்டும் எப்படித் தண்ணீரைத் தள்ளும்?"

மிகச் சரியான கேள்வி! சுத்தமான கண்ணாடிக்குத் தண்ணீர் என்றால் பிரியம். அதன் மேற்பரப்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னக் குழுக்கள் நிற்கின்றன. அவை நீரை இழுக்கும். நம் படலத்தில் சிலிக்கானின் நான்கு கைகளும் வலை பின்னப் போவதில்லை. ஒரு கையாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் என்ற குழுவைப் பிடித்தபடியே இருக்கும். படலம் கெட்டியானதும் இந்த மெத்தில் குழுக்கள் வெளிப்பக்கம் நோக்கி நிற்கின்றன. அவற்றுக்கு நீரோடு ஒட்டு உறவு இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே இறுக்கமாக இழுத்துக்கொள்கின்றன. துளி உருண்டு நிற்கிறது.

பார்த்தீர்களா? உள்ளே கண்ணாடி, வெளியே ஆகக் கடைசி வரிசையில் மெத்தில். தண்ணீர் தொடுவது அந்தக் கடைசி வரிசையைத்தான். ஒரு பொருள் நனையுமா நனையாதா என்று முடிவு செய்வது அதன் மேற்பரப்பு மட்டுமே.

எவ்வளவு நன்றாகத் தள்ளுகிறது என்று அளக்கவும் முடியும். துளியைப் பக்கவாட்டில் பாருங்கள். துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில், துளிக்கு உள்ளே ஒரு கோணம் உண்டாகிறது. இதற்குத் தொடுகோணம் என்று பெயர். இதைப் பற்றி 1805-இலேயே ஆராய்ந்து எழுதியவர் தாமஸ் யங் என்ற ஆங்கில அறிஞர். கோணம் 90 பாகைக்குக் கீழே என்றால் அந்தப் பரப்பு நீரை விரும்புகிறது. 90-க்கு மேலே என்றால் விலக்குகிறது. செராமிக் படலம் போட்ட காரில் இது 100, 110 பாகை அளவில் இருக்கும்.

தாமரை இலையில் எவ்வளவு தெரியுமா? 150 பாகைக்கும் மேல்! வழவழப்பான பரப்பில் எந்த வேதிப்பொருளைப் பூசினாலும் 120 பாகையைத் தாண்டுவது கடினம். தாமரை எப்படித் தாண்டியது? அதன் இலை வழவழப்பானதே இல்லை. அதில் மைக்ரோமீட்டர் அளவில் ஆயிரமாயிரம் முண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு முண்டின் மேலும் அதைவிட நுண்ணிய மெழுகுத் துணுக்குகள். துளி அந்த முண்டுகளின் உச்சியில் மட்டும் உட்காருகிறது. அடியில் முழுக்கக் காற்று. அதனால் உருண்டு ஓடுகிறது, போகிற வழியில் தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. இதை மின்னணு நுண்ணோக்கியால் பார்த்து 1997-இல் விளக்கியவர்கள் வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர்கள். 'தாமரை இலைத் தண்ணீர்' என்று நம் பாட்டிகளும், 'கெலாடி இலையில் நீர் ஊற்றியதுபோல' என்று மலாய்க்காரப் பாட்டிகளும் சொல்வதற்குப் பின்னால் இத்தனை நுட்பம் இருக்கிறது. கெலாடி என்பது நம் சேம்பு. அதன் இலையும் இப்படித்தான்.

ஏன் இவ்வளவு நேரம் கழுவுகிறார்கள்?

வீட்டில் கோட்டிங் போடும் நாளில் கவனித்துப் பாருங்கள். தடவுவதற்கு ஒரு மணி நேரம் ஆனால், அதற்கு முன் சுத்தம் செய்ய அரை நாள் ஆகும். ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் நிழல். வெயிலில் நின்ற கார்த்தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கரைப்பான் சட்டென்று பறந்து, துடைப்பதற்குள் திரவம் திட்டுத் திட்டாக இறுகிவிடும்.

அடுத்து, துணி படுமுன்பே நிறையத் தண்ணீர் அடித்து மணலை விரட்ட வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். ஒரே வாளியில் நனைத்து நனைத்துத் தேய்த்தால், அதே மணலைக் காரின் மேல் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டே இருப்போம்.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. பிரேக் போடும்போது பறக்கும் இரும்புத் துகள்கள் பெயிண்டில் குத்திக்கொண்டு நிற்கும். அவற்றை நீக்க ஒரு திரவம் தெளிப்பார்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும்! அந்தத் திரவத்தில் கந்தகச் சேர்மம் இருப்பதால் கெட்ட முட்டை நாற்றமும் வரும்.

இன்னும் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய காரை மெதுவாகத் தடவுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத நறுநறுப்பு பை வழியாகத் தெரியும். அதைக் களிமண் போன்ற மெத்தென்ற கட்டியால் எடுப்பார்கள். பிறகு போலிஷ். போலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை இல்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை மிகக் கொஞ்சமாகத் தேய்த்துச் சமமாக்கும் வேலை. மொத்தமே 40 மைக்ரோமீட்டர்தானே இருக்கிறது? ஆகவே அடிக்கடி செய்யக் கூடாது.

கடைசியாக, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைப்பார்கள். கைச் சுத்திகரிப்பானில் இருக்கும் அதே வகைப் பொருள். போலிஷ் விட்டுப்போன எண்ணெயை அது எடுத்துவிடும். எண்ணெய் இருந்தால் சிலிக்கான் வலை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், பெயிண்டைப் பிடிக்காது. இரண்டே மழையில் எண்ணெயோடு படலமும் போய்விடும்.

இப்போதுதான் புட்டி திறக்கிறது. மெல்லிய துணி சுற்றிய கட்டையில் சில சொட்டு விட்டு, இரண்டு சாண் அகலமுள்ள இடத்தில் நெடுக்காகவும் குறுக்காகவும் தடவுவார்கள். சற்று நேரத்தில் அங்கே வானவில் நிறங்கள் தெரியும். சோப்புக் குமிழியில் தெரியும் அதே நிறங்கள். படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலப்பதால் அவை வருகின்றன. கரைப்பான் பறக்கப் பறக்கத் தடிமன் குறையும், நிறமும் மாறும். அந்த நேரம் பார்த்து மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். எங்காவது துடைக்காமல் விட்டுப்போனதா என்று டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்க்கும் வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூர்மையான கண் உங்களுக்குத்தான்.

புட்டியை மட்டும் தொடாதீர்கள். அது பெரியவர்கள் வேலை. கையுறையும் முகக்கவசமும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டியது. கரைப்பான் தீப்பிடிக்கும். பக்கத்தில் ஊதுபத்தியோ சாம்பிராணியோ புகையக் கூடாது. தடவி முடித்த காரில் ஒரு நாள் வரை மழை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலை பின்ன ஈரம் வேண்டும் என்றேனே, மழை விழுந்தால் நல்லதுதானே என்று கேட்காதீர்கள். காற்றில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் ஒன்றொன்றாக, எல்லா இடத்துக்கும் சமமாக வருகின்றன. மழைத்துளி ஒரே இடத்தில் குவிந்து, முதிராத படலத்தில் கறை போட்டுவிடும்.

'9 எச்' என்றால் என்ன?

விளம்பரங்களில் '9 எச் கடினம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அடுக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. 1812-இல் ஃபிரீட்ரிக் மோஸ் என்பவர் வகுத்தது. அதில் வைரத்துக்கு 10, குவார்ட்ஸுக்கு 7. அந்த அளவில் 9 என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இது அது இல்லை. இந்த 9 எச் உங்கள் பென்சில் பெட்டியில் இருக்கும் எச்!

பென்சில்களில் 'பி' என்றால் மென்மை, 'எச்' என்றால் கடினம். 9 எச் பென்சிலைக் கூர்மழுங்க வைத்து, 45 பாகை சாய்த்து, 750 கிராம் எடையோடு பூச்சின் மேல் தள்ளுவார்கள். கீறல் விழவில்லை என்றால் அந்தப் பூச்சு 9 எச். பென்சிலின் கரு, கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. கிராஃபைட் மோஸ் அளவில் 1 அல்லது 2 தான்.

இப்போது யோசியுங்கள். பினாங்கு கருங்கல் தீவு. கருங்கல் உதிர்ந்து வந்த பத்து ஃபெரிங்கி மணலில் குவார்ட்ஸ் நிறைய உண்டு. அதன் கடினம் 7. பென்சிலை வென்ற படலம் அந்த மணலை வெல்லுமா? வெல்லாது. கடற்கரைக்குப் போய் வந்த காரை வறண்ட துணியால் துடைத்தால், கோட்டிங் இருந்தாலும் கீறல் விழும். லாரி தெறிக்கவிடும் கல்லையும் அது தடுக்காது. காருக்கு அடியில் உப்பால் பிடிக்கும் துருவையும் தடுக்காது, ஏனென்றால் அங்கே நாம் தடவவே இல்லை.

அப்படியானால் என்னதான் செய்யும்? அழுக்கு இறுகப் பிடிக்காது. கழுவுவது சுலபம், தண்ணீரும் குறைவு. எச்சம் பெயிண்டைத் தொடுவதற்குமுன் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனாலும் உடனே கழுவுவதே நல்லது. உருண்ட துளிகள் கூரையிலேயே காய்ந்தால், அவற்றில் கரைந்திருந்த தாதுக்கள் வட்ட வட்டக் கறையாக நிற்கும். ஆகவே கழுவிய பின் துடைத்துவிட வேண்டும்.

சில மாதம் கழித்துத் துளி உருளாமல் தட்டையாகிவிட்டால், "கோட்டிங் போய்விட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். படலத்தின் மேல் புகையும் எண்ணெயும் ஒரு புதிய மேற்பரப்பாகப் படிந்திருக்கலாம். தண்ணீர் தொடுவது கடைசி வரிசையை என்று பார்த்தோம் அல்லவா? ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி துளி விட்டுப் பாருங்கள். உருண்டால் படலம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் சமையலறை ஆய்வகம்

இதையெல்லாம் சோதிக்கப் பெரிய கருவி வேண்டுமோ என்று தயங்காதீர்கள். ஜெர்மனியில் அக்னஸ் பொக்கெல்ஸ் என்று ஒரு பெண் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதில்லை. வீட்டு வேலை செய்துகொண்டே, சமையலறையில் ஒரு தகரத் தொட்டியும் ஒரு பொத்தானும் வைத்து, எண்ணெயும் சோப்பும் நீரின் மேற்பரப்பை எப்படி மாற்றுகின்றன என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். தான் கண்டதைக் கடிதமாக எழுதி, புகழ்பெற்ற ஆங்கில இயற்பியல் அறிஞர் ராலே பிரபுவுக்கு அனுப்பினார். அவர் வியந்துபோய், அது 1891-இல் 'நேச்சர்' இதழில் வெளிவர உதவினார். இன்று மேற்பரப்பு அறிவியலின் முன்னோடிகளில் ஒருவராக அக்னஸை உலகம் மதிக்கிறது.

நீங்களும் தொடங்குங்கள். சோப்பால் கழுவி உலர்த்திய கண்ணாடித் தட்டு, மெழுகுவத்தி தேய்த்த தட்டு, வாழையிலை, சேம்பிலை, காரின் கதவு. ஐந்திலும் உறிஞ்சுகுழலால் ஒரே அளவு துளி விடுங்கள். துளியின் மட்டத்துக்குக் கைப்பேசியைத் தாழ்த்திப் பக்கவாட்டில் படமெடுத்து, படத்தின்மேல் கோணமானியை வைத்துத் தொடுகோணத்தை அளந்து அட்டவணை போடுங்கள். பிறகு தட்டையும் இலையையும் மெதுவாகச் சாய்த்து, எத்தனை பாகையில் துளி ஓடுகிறது என்று குறியுங்கள். உருண்டு நிற்கும் துளி எல்லாம் சுலபமாக ஓடுகிறதா? இல்லை, உருண்டும் சில ஒட்டிக்கொண்டே நிற்கின்றனவா? கடைசியாக, எல்லாத் துளியிலும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் குச்சி முனையால் தொட்டு வையுங்கள்.

எந்தத் துளி முதலில் தட்டையாகும் என்று ஊகித்து எழுதிவிட்டுத்தான் சோப்பைத் தொட வேண்டும். ஊகம் தவறிப்போனால் அழிக்காதீர்கள். ஏன் தவறியது என்று அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். அதுதான் அறிவியல்.